சும்மா விட்டால் ஒயின் ஆகிவிடாது

இத்தாலியின் இயற்கை ஒயின் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அவர்கள் ஒன்றும் செய்யமாட்டார்கள், திராட்சையை அப்படியே விட்டுவிடுவார்கள்" என்று யாராவது சொல்கிறார்கள். அந்தச் சிறு தோட்டக்காரர்களின் உழைப்பை இதைவிடக் குறைத்துப் பேச முடியாது.

அடிச்சாம்பல் நோயை எடுத்துக்கொள்வோம். வசந்த மழை விடாமல் பெய்தால் கொடியில் இந்தப் பூஞ்சை பரவும். செடிக்குள் ஊடுருவும் ரசாயன மருந்தை இவர்கள் தொடமாட்டார்கள். தெளிப்பது செம்பு உப்பான மயில்துத்தத்தின் கலவையைத்தான். அது இலைமேல் படிந்து நிற்கும், பெருமழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி தெளிக்க வேண்டும். ஆனால் செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால், ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோதான் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. 2023இல் மழை ஓயாமல் பெய்தபோது அப்ரூட்ஸோ பகுதியில் பல தோட்டங்களில் விளைச்சல் பெருமளவு போனது. அதனால்தான் கவாத்தில் இவ்வளவு கவனம். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கையால் கிள்ளி, காற்றுக்கு வழிவிடுகிறார்கள்.

அப்புறம் மண். இலையுதிர் காலத்தில் கொடி வரிசைகளுக்கு நடுவே ஃபாவா அவரையும் பார்லியும் விதைத்து, வசந்தத்தில் பூக்கும்போது வெட்டி மண்ணோடு சேர்ப்பார்கள். 'சொவேஷோ' என்பார்கள், நம் பசுந்தாள் உரமேதான். அந்த அவரைச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கும் ஒயினுக்கும் என்ன தொடர்பு? கடையில் வாங்கிய ஈஸ்ட்டை இவர்கள் போடுவதில்லை. தோலிலும் நிலவறையிலும் இருக்கும் ஈஸ்ட்தான் சாற்றைப் புளிக்கவைக்க வேண்டும். அதற்குச் சாற்றில் தழைச்சத்து தேவை. மண் வறண்டு சத்தற்றுப் போனால் நொதித்தல் பாதியில் நிற்கும், பாக்டீரியா புகுந்துவிடும். தோட்டத்தில் செய்யாத வேலையை நிலவறையில் ஈடுகட்ட முடியாது.

அடுத்த தவறு, லேபிளை மட்டும் நம்புவது. 'இயற்கை ஒயின்' என்பதற்கு இத்தாலியில் சட்டப்படி வரையறை கிடையாது. 2012 முதல் 'ஆர்கானிக் ஒயின்' என்பதற்கு ஐரோப்பிய விதி இருக்கிறது. ஆனால் அது வாங்கிய ஈஸ்ட்டை அனுமதிக்கிறது. வட இத்தாலியின் கம்பெல்லாராவைச் சேர்ந்த ஒயின் தயாரிப்பாளர் ஆஞ்ஜோலினோ மௌலே 2006இல் தொடங்கிய வின்நாத்தூர் சங்கம், உறுப்பினர்களின் ஒயினில் பூச்சிமருந்து எச்சம் உண்டா என்று சோதிக்கிறது. இப்போதைக்கு எனக்கு அந்தச் சோதனைமேல்தான் நம்பிக்கை.

ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மமான சல்ஃபைட்டின் அளவை மட்டும் வைத்து எடைபோடுவதும் சரியல்ல. நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கும். ஸ்லோவேனிய எல்லையோரம் ஒஸ்லாவியா என்ற சிற்றூர். அவ்வூர் ஒயின் தயாரிப்பாளர், மறைந்த ஸ்தான்கோ ராடிகோன், கந்தகம் சேர்ப்பதையே விட்டார். அதே ஊர் யோஸ்கோ கிராவ்னர், ஜார்ஜியாவின் மண்ஜாடிகளைத் தரையில் புதைத்து 2001 முதல் அவற்றில் ஒயின் செய்கிறவர், கந்தகத்தை விடவில்லை. இருவரில் யார் உண்மையானவர் என்று கேட்பதே தப்பு.

கடைசியாக, நிறத்தையும் கெடுதலையும் குழப்பிக்கொள்வது. ரிபோல்லா என்ற வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மாதக்கணக்கில் ஊறவிட்டால் ஒயின் ஆரஞ்சு நிறமாகும். அடியில் மண்டி தங்கும். இரண்டும் குறையல்ல. பாட்டிலை ஒருநாள் நிமிர்த்தி வைத்துவிட்டு ஊற்றினால் போதும். ஆனால் காடி வாடை தூக்கலாக இருந்தால் அது கெட்ட ஒயின், 'இயற்கை அப்படித்தான்' என்று ஏற்கவேண்டாம். எலி வாடை என்று ஒன்றும் உண்டு. முகர்ந்தால் தெரியாது. விழுங்கிச் சில நொடிகள் கழித்து, எச்சில் புளிப்பைத் தணித்த பிறகுதான் நாக்கின் பின்னால் எழும். அதனால் முதல் வாய் குடித்ததும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.