ஹெட்செட்டில் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்கள், மீட்டிங்கில் குரல் அறுந்து அறுந்து வந்தால் உடனே வயர்லெஸ் ஹெட்செட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். புதிது வாங்குமுன் அதன் டாங்கிள் (ஹெட்செட்டைக் கணினியோடு இணைக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு கருவி) எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

பெரும்பாலான டாங்கிள்களும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கசியும். பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் டாங்கிளின் சிக்னல் அதில் அமுங்கிப்போகும். அவற்றில் ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் சத்தம் அறுந்தால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1 மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, டாங்கிளை மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். டாங்கிளைச் சிபியுவின் பின்பக்கம் செருகி, சிபியுவை இரும்பு பீரோவை ஒட்டி நிறுத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அடுத்தது வைஃபை. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் டாங்கிளோடு மோதும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவரைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் திணறும். அங்கே லேன் கேபிளே மேல்.

சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுப் பேசும்போது முதல் சொல் மட்டும் காணாமல் போகிறதா? அது பெரும்பாலும் மின்சேமிப்பு வேலை. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

மைக் திறந்ததும் புளூடூத்தில் ஒலி மங்கினால் அது கோளாறல்ல, ஹெட்செட் ஒலித்தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறியிருக்கிறது. ஹெட்செட் மைக்குக்குப் பதில் லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.