பள்ளியின் பங்கைத் தனியே பிரித்து அளப்பது எப்படி?

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. ஆனாலும் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் சென்னைத் தெருக்களில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" பதாகைகள் முளைப்பது நிற்கவில்லை. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, பெற்றோரின் படிப்பும் மாலை டியூஷனும் எவ்வளவு என்பதைப் பிரித்தறிய அதிலிருந்து வழியில்லை. அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966-இல் வெளியான அறிக்கை, மதிப்பெண் வேறுபாட்டைப் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மிகுதியாக விளக்குகிறது என்று காட்டியதிலிருந்து, இந்தப் பிரிப்பே ஆய்வாளர்களின் தலையாய வேலையாக இருந்து வருகிறது.

முதலில் தொடக்கப் புள்ளியைப் பதிவு செய்யுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களுக்குள் தமிழ், கணிதம் இரண்டிலும் ஒரே வினாத்தாளை எல்லாப் பள்ளிகளிலும், அந்தந்தப் பள்ளி ஆசிரியர் அல்லாத ஒருவரைக் கொண்டு நடத்துவது நல்லது. எட்டாம் வகுப்பு முடிவில் அதே மாணவர்களை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இரண்டு மதிப்பெண்களையும் வெறுமனே கழித்துப் பார்ப்பது போதாது. தொடக்கத்தில் 90 எடுத்த சிறுமிக்கு மேலே ஏற 10 மதிப்பெண்ணே மிச்சம். காய்ச்சலோடு எழுதி 30 எடுத்த சிறுவனோ, பள்ளி ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை ஏறக்கூடும். ஆகவே, ஒரே இடத்தில் தொடங்கிய மாணவர்கள் எல்லாப் பள்ளிகளிலுமாகச் சேர்ந்து சராசரியாக எங்கே வந்து நிற்கிறார்கள் என்று கணக்கிட்டு, அதை ஒவ்வொரு மாணவருக்கும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணாகக் கொள்கிறார்கள். உண்மையில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தின் பள்ளிவாரிச் சராசரியே "கூடுதல் மதிப்பு" எனப்படுகிறது. வியாசர்பாடிப் பள்ளி ஒன்றின் சராசரி 52, மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றின் சராசரி 81 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு முறையே 45, 83 எனில், பிள்ளைகளை அதிக தூரம் அழைத்துச் சென்றது முதல் பள்ளிதான்.

அடுத்து, இடையில் யார் காணாமல் போனார்கள் என்று எண்ணுங்கள். என் கருத்தில் பெரும்பாலான ஒப்பீடுகள் சறுக்குவது இங்கேதான். பின்தங்கிய பிள்ளைக்குப் பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் தேர்ச்சி விழுக்காடு தானாக உயரும். ஆகவே சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையையே வகுக்கும் எண்ணாகக் கொண்டு, விலகியவர்களின் தொடக்க மதிப்பெண்ணையும் தனியே காட்டுங்கள். பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் குடும்பங்களே இடம் மாறுவதால், அங்கே ஒவ்வொரு விலகலையும் பள்ளியின் தவறாகக் கொள்ளக் கூடாது.

பெற்றோரின் அக்கறையைப் போலக் கணக்கில் அடங்காத காரணங்களை விலக்கக் குலுக்கல் உதவுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பங்கள் மிகும்போது, குலுக்கலில் இடம் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே வகைக் குடும்பத்தினர். அவர்களைப் பின்தொடர்ந்து ஒப்பிட்டால் வித்தியாசம் பள்ளியால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும், தனியார் பள்ளியில் சேரக் குலுக்கல் முறையில் உதவித்தொகை வழங்கி நடத்திய ஆய்வில், தனியார் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் தெலுங்கிலும் கணிதத்திலும் மற்றவர்களை முந்தவில்லை; இந்தியில் முந்தினார்கள். அந்தப் பள்ளிகளின் செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எந்தப் பாடத்தை அளக்கிறோம், செலவைச் சேர்க்கிறோமா என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

கடைசியாக, எண்ணின் நடுக்கத்தை மறைக்காதீர்கள். 25 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தவறினாலே தேர்ச்சி 8 விழுக்காடு சரியும். எனவே குறைந்தது மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்து, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் வெளியிடுங்கள். இரண்டு பள்ளிகளின் எல்லைகள் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்தால், எது முந்தியது என்று எழுத வேண்டாம்.