திருகுவதற்கு முன் அடியில் பாருங்கள்: குளியல் தொட்டியின் ஸ்பவுட்டை மாற்றுவது எப்படி?

துணியில் கத்தரி வைப்பதற்கு முன் இரண்டு முறை அளந்து பார்ப்பவள் நான். தையல்தான் என் தொழில். அப்படிப்பட்டவள் அன்றைக்குக் குளியலறைக்குள் நுழைந்தபோது புத்தியைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டேன்.

குளியல் தொட்டிக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாய் முனையை ஸ்பவுட் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மூக்கு என்று பெயர். பூச்சு உரிந்து, நுனியில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்த மூக்கை மாற்ற வேண்டும். குழாய்தானே, மரை போட்டுத்தானே மாட்டியிருப்பார்கள் என்று இரண்டு கைகளாலும் பிடித்து இடப்பக்கம் திருகினேன். அசையவில்லை. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்துத் திருகினேன். அசைந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அடியில் ஓர் ஓட்டைக்குள் திருகாணி தெரிகிறதே அம்மா, அதைக் கழற்ற வேண்டாமா?" என்று கேட்டாள்.

அசைந்தது மூக்கு இல்லை. சுவருக்குள் இருந்த செம்புக் குழாய். அதன் பற்றவைத்த இணைப்பு விரிசல் கண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. திருகாணியைத் தளர்த்தி, புது மூக்கை மாட்டி, சுற்றிலும் சிலிகான் பூசி, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் அடுத்த அறைச் சுவரில் ஈரம் படர்ந்தது. பிளம்பர் வந்து நான்கு டைல்ஸை உடைத்துத்தான் அந்த இணைப்பை எட்டினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அதன் பிறகு என் வீட்டிலும் அக்கா வீட்டிலுமாக மூன்று மூக்குகளை மாற்றிவிட்டேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அரை மணி நேர வேலைதான். கையில் வலு வேண்டியதில்லை, என்ன வகை என்று தெரிந்திருந்தால் போதும்.

மாற்றத்தான் வேண்டுமா?

மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்பதற்காகப் பலர் மூக்கை மாற்றுகிறார்கள். அது வீண் செலவு. மூக்கு தண்ணீர் வெளியேறும் வழி மட்டுமே. தண்ணீரை நிறுத்துவது கைப்பிடிக்குப் பின்னால் சுவருக்குள் இருக்கும் வால்வு. ஓயாமல் சொட்டினால் அந்த வால்வின் வாஷரோ, கார்ட்ரிட்ஜ் எனப்படும் உள் பாகமோ தேய்ந்திருக்கும். ஷவரில் குளித்து முடித்ததும் சற்று நேரம் மூக்கிலிருந்து தண்ணீர் வடிவது வேறு. ஷவருக்கு ஏறிய குழாயில் தங்கிய தண்ணீர் இறங்குகிறது, அவ்வளவுதான்.

மூக்கின் மேல் ஒரு குமிழ் இருந்து, அதைத் தூக்கினால் ஷவரில் தண்ணீர் வரும் என்றால் உள்ளே டைவர்ட்டர் இருக்கிறது. தண்ணீரை மறித்து மேலே அனுப்பும் சிறு கதவு அது. தூக்கிய பிறகும் பாதித் தண்ணீர் தொட்டியிலேயே விழுந்தால் கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். உடனே கடைக்கு ஓடாதீர்கள். ஒரு பாலித்தீன் பையில் வெள்ளை வினிகரை ஊற்றி, மூக்கு அதில் முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். (பொன்னிறப் பூச்சு உள்ள மூக்கு என்றால் வேண்டாம், நிறம் போய்விடும்.) உப்புப் படிவுதான் தடை என்றால் கரைந்து கதவு மறுபடி மூடும். அதற்கும் மசியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

வகையைக் கண்டுபிடிப்பது

தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, மூக்கின் அடிப்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் செல்பேசியைக் கீழே நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். அங்கே சிறு துளையோ பிளவோ இருந்து, அதற்குள் அறுகோணக் குழியுள்ள திருகாணி தெரிந்தால் அது செருகு வகை. வழவழப்பான செம்புக் குழாயின் மேல் செருகி, அடியிலிருந்து திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். துளை எதுவும் இல்லையென்றால் மரை வகை. குழாயின் மரையில் மூக்கு முழுவதும் சுழன்று ஏறியிருக்கும்.

துளை இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். சோப்பும் உப்பும் சேர்ந்து அந்தத் துளையைச் சுவரின் நிறத்திலேயே அடைத்துவிடும். ஊசியாலோ பல் குத்தும் குச்சியாலோ அடிப்பக்கம் முழுவதும் ஒரு முறை கீறிப் பார்த்த பிறகே "இல்லை" என்று சொல்லுங்கள்.

கழற்றுதல்

மூக்கு வால்வைத் தாண்டி இருப்பதால் கைப்பிடி மூடியிருந்தாலே தண்ணீர் வராது. ஆனாலும் நான் வீட்டின் முதன்மை வால்வையும் மூடிவிடுகிறேன். சூடு கண்ட பூனை. தொட்டியின் வடிகால் ஓட்டையில் ஒரு துணியைத் திணித்து, அடித்தளத்தில் பழைய துண்டை விரித்துவிடுங்கள். திருகாணி ஓட்டைக்குள் விழுந்தாலும், ஸ்பேனர் கை தவறித் தொட்டியின் பளபளப்பில் விழுந்தாலும் வேலை இரட்டிப்பாகிவிடும். சுவரோரம் பழைய சிலிகான் இருந்தால் பிளேடால் சுற்றிலும் கீறி விடுவியுங்கள்.

செருகு வகைக்கு ஆலன் கீ எனப்படும் அறுகோணச் சாவி ஒன்றே போதும். அதைத் திருகாணியின் குழிக்குள் அடிவரை உட்காரவைத்த பிறகே திருப்ப வேண்டும். பாதி நுழைந்த நிலையில் திருப்பினால் குழியின் மூலைகள் மழுங்கிவிடும், பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. இறுகிக் கிடந்தால் வினிகரில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் அழுத்தி வையுங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம்; மூன்று நான்கு சுற்று தளர்த்தினால் போதும். பிறகு மூக்கை நேராக உங்களை நோக்கி இழுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் குழாயோடு ஒட்டியிருந்தால் வராமல் அடம்பிடிக்கும். அப்போது இடமும் வலமும் இம்மியளவு ஆட்டியபடியே இழுக்கலாம். இம்மியளவு என்றால் இம்மியளவு.

மரை வகையில் இடப்பக்கம், அதாவது கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருக வேண்டும். கையால் வரவில்லையென்றால் சுத்தியலின் மரப்பிடியை மூக்கின் வாய்க்குள் நுழைத்து நெம்புகோலாகச் சுற்றுங்கள். விட்டு விட்டு முட்டாமல் ஒரே சீராக அழுத்தினால் இறுக்கம் விடும். மூக்கோடு சேர்ந்து உள்ளே இருக்கும் நிப்பிளும், அதாவது இரு முனைகளிலும் மரை போட்ட சிறு குழாய்த் துண்டும், வந்துவிட்டால் பதற வேண்டாம். பழைய இரும்பு நிப்பிள் என்றால் வந்ததே நல்லது. புதிதாகப் பித்தளை நிப்பிள் போடுங்கள், துருப் பிடிக்காது.

அளவு: என் தொழில் கைகொடுத்த இடம்

பழைய மூக்கைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அதற்கு முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: டைல்ஸின் முகத்திலிருந்து குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, குழாயின் வெளிவிட்டம் என்ன.

விட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரை அங்குலக் குழாய் என்பது பெயர் மட்டுமே. அமெரிக்க அளவில் அரை அங்குலச் செம்புக் குழாயின் வெளிவிட்டம் 5/8 அங்குலம், 15.9 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு ஐந்து நூல். ஐரோப்பிய அளவில் அதற்கு நெருக்கமான குழாய் 15 மில்லிமீட்டர். ஒன்றுக்கு உரிய ரப்பர் வளையம் மற்றொன்றில் ஒழுங்காகப் பிடிக்காது. மரை போட்ட அரை அங்குலக் குழாயோ வெளியே சுமார் 21 மில்லிமீட்டர் இருக்கும்.

மரையிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்க என்.பி.டி., பிரிட்டிஷ் பி.எஸ்.பி. என்ற இரண்டு மரைகளுக்கும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் ஒன்று மற்றொன்றில் இனிமையாக ஏறுவதுபோல் தோன்றும். ஆனால் மரைப் பல்லின் கோணம் முன்னதில் 60 பாகை, பின்னதில் 55 பாகை. கசிவைத் தடுக்க மரையில் எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் அந்த ஜோடியை நம்ப முடியாது. பழைய மூக்கைக் கொண்டுபோகச் சொல்வது இதற்காகவும்தான்.

அக்கா வீட்டில் வேறொரு சிக்கல். பழைய மூக்கின் மரை சுவரை ஒட்டி இருந்தது. அவள் ஆசைப்பட்டு வாங்கிய புது மூக்கிலோ உள்ளே ஆழத்தில், நுனிப்பக்கமாக இருந்தது. குழாய் எட்டவே இல்லை. ஒரு பென்சிலை மூக்குக்குள் விட்டு மரை தொடங்கும் ஆழத்தைப் பார்த்தேன்: 3 அங்குலம். சுவருக்குள் நிப்பிள் ஏறும் எல்போவின், அதாவது முழங்கைபோல் வளைந்த இணைப்பின், வாய் டைல்ஸிலிருந்து 1½ அங்குலம் உள்ளே. ஆக 4½. சட்டைக்குத் துணி வெட்டும்போது தையலுக்கு விடுவது போல, இரு முனைகளிலும் மரைக்குள் போகும் நீளத்தையும் கூட்ட வேண்டும். அரை அங்குலக் குழாய்க்கு அது முனைக்குச் சுமார் அரை அங்குலம். 5½ அங்குல நிப்பிள் வாங்கினோம், பொருந்தியது.

இன்னொன்று, மூக்கின் வாய் தொட்டியின் விளிம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வாயின் விட்டத்தைப் போல் இரு மடங்காவது இடைவெளி இருந்தால் நல்லது. தொட்டி நிரம்பி வழியும்போது மூக்கு அதில் முங்கினால் அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட வாய்ப்புண்டு.

மாட்டுதல்

செருகு வகையில் முதலில் செம்புக் குழாயைத் தடவிப் பாருங்கள். பழைய திருகாணி அழுத்திய இடத்தில் சிறு பிசிறு இருக்கும். நைசான உப்புத்தாளால் தேய்த்து, விரலுக்கு எதுவும் தட்டாத அளவுக்கு வழவழப்பாக்குங்கள். இல்லாவிட்டால் செருகும்போதே அது புது ரப்பர் வளையத்தைக் கீறிவிடும். வளையத்தில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், சில ரப்பர்கள் அதில் ஊறி உப்பிவிடும். மூக்கை நேராகத் தள்ளி, சுவரோடு ஒட்டியதும் வாய் சரியாகக் கீழே பார்க்கிறதா என்று கவனித்து, திருகாணியை இறுக்குங்கள். பிடி கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் செம்பு நசுங்கும்.

மரை வகையில் டேப் சுற்றுவதற்கு முன் வெறுமனே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள், சட்டையைப் போட்டுப் பார்ப்பது போல. விரல்களால் மட்டும் திருப்புங்கள். முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். முதற் கோணல் முற்றும் கோணல் என்பது பிளாஸ்டிக் மரைக்கு அப்படியே பொருந்தும். ஒரு முழுச் சுற்றுக்கு மூக்கு சுமார் 1.8 மில்லிமீட்டர் உள்ளே போகும். கையால் ஏற்றிய நிலையில் சுவருக்கும் மூக்குக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்பது கணக்கில் வந்துவிடும்.

சரியாக இருந்தால் கழற்றிவிட்டு டெஃப்லான் டேப் சுற்றுங்கள். குழாயின் முனையை எதிரே பார்த்தபடி கடிகார திசையில், இழுத்துப் பிடித்து, மூன்று நான்கு சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் மூக்கு ஏறும்போது டேப்பைச் சுருட்டிக்கொண்டு வரும். முனையில் ஒரு மரையை விட்டுவிட்டுத் தொடங்கினால் டேப் துணுக்கு தண்ணீர் வழியில் தொங்காது. பிறகு மூக்கைக் கையால் ஏற்றி, கடைசிச் சுற்றுக்கு மட்டும் சுத்தியல் பிடியையோ துணி சுற்றிய ரிஞ்சையோ பயன்படுத்துங்கள். வாய் கீழே வரவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் திருப்பிப் பின்னால் கொண்டுவர வேண்டாம். பின்னால் திருப்பிய மரை கசியும். கழற்றி, இன்னும் ஓரிரு சுற்று டேப் கூட்டி மறுபடி ஏற்றுங்கள். அப்போது முன்னதாகவே இறுகி, வாய் கீழே நிற்கும். அக்கா வீட்டில் இதை மூன்று முறை செய்தேன். இரண்டாம் முறையிலேயே அவள் பொறுமை இழந்துவிட்டாள்.

சோதனையும் சிலிகானும்

முதன்மை வால்வைத் திறந்து தொட்டியில் தண்ணீரை விடுங்கள். பிறகு குமிழைத் தூக்கி ஷவரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இதுதான் உண்மையான பரீட்சை, வழி மறிக்கப்பட்டுத் தண்ணீரின் அழுத்தம் இணைப்பின் மேல் விழுவது அப்போதுதான். மூக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு டிஷ்யூ தாளை நுழைத்துச் சுற்றிலும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தாள் காட்டிக்கொடுக்கும். நனைந்தால் சிலிகானை எடுக்காதீர்கள். சிலிகான் கசிவை நிறுத்தாது, மறைக்க மட்டுமே செய்யும். கழற்றி, வளையத்தையோ டேப்பையோ சரிசெய்யுங்கள்.

தாள் காய்ந்தபடியே வந்தால் சுவரைத் துடைத்து உலரவிட்டு, மூக்கின் மேற்புறமும் இரு பக்கங்களும் மெல்லிய கோடாகச் சிலிகானைப் பூசுங்கள். ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் வையுங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள். பின்னாளில் உள்ளே கசிந்தால் தண்ணீர் அந்த வழியாகத் தொட்டியில் சொட்டித் தகவல் சொல்லும். முதல் முறை நான் சுற்றிலும் ஓர் ஊசி நுழைய இடமின்றிப் பூசியிருந்தேன். அதனால்தான் எங்கள் வீட்டுக் கசிவு தகவல் சொல்ல அடுத்த அறைச் சுவர் வரை போக வேண்டியதாயிற்று.