‘கோட்டை’ என்று எழுதுவதற்கு முன்: தொகுதிக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொகுதிகளைக் ‘கோட்டை’ என்றும் ‘இழுபறி’ என்றும் பிரிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, சென்ற தேர்தலின் வாக்கு வித்தியாசத்தையே வாக்காளரின் நிலையான பற்றாகக் கொள்வதுதான். திமுக உள்ளிட்ட பெரிய எதிர்க்கட்சிகள் போட்டியிடாத 2015 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்ற ஜெயலலிதாவுக்கு, திமுக களமிறங்கிய 2016 பொதுத்தேர்தலில் அது நாற்பதாயிரத்துக்குள் சுருங்கியது. ஓராண்டில் வாக்காளரின் மனம் மாறியது என்பதைவிட, எதிரே நின்றவர்கள் மாறினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

சின்னம் இருந்தால் போதும், யாரை நிறுத்தினாலும் வெல்லலாம் என்ற நம்பிக்கையும் அதே ஆர்.கே.நகரில்தான் உடைந்தது. 2017 இடைத்தேர்தலில் இரட்டை இலை அதிமுக வேட்பாளர் மதுசூதனனிடம் இருக்க, குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். திமுக டெபாசிட் இழந்தது. எல்லாம் பணம் செய்த வேலை என்று சொல்லிவிடுவது எளிது. பணப் பட்டுவாடா புகாரால் அவ்வாண்டு ஏப்ரலில் தேர்தலே ரத்தானது உண்மைதான். ஆனால் பல தரப்பும் கொடுக்கும் தொகுதியில், வாங்கியவர் ஏன் ஒருவரைத் தேர்ந்தார் என்பதைப் பணம் மட்டும் விளக்காது.

இழுபறித் தொகுதியில் தவறு வேறு விதமானது. 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். 2021இல் தியாகராய நகரில் 137. இவ்வளவு குறுகிய இடைவெளியில் சாதிக் கணக்கு, அதிருப்தி வேட்பாளர், பூத் ஏஜென்டுகளின் உழைப்பு என எதைச் சொன்னாலும் பொருந்தும். ராதாபுரத்தில், தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட தபால் வாக்குகள் செல்லாதவையாக ஒதுக்கப்பட்டதே வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே ஒற்றைக் காரணத்தைத் தேடுவதில் பயனில்லை.

மாநில அலை எல்லாத் தொகுதியிலும் ஒரே அளவில் அடிக்கும் என்றும் கருதக் கூடாது. திமுக ஆட்சியைப் பிடித்த 2021இல் அக்கட்சியின் ஐ. பெரியசாமி திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரில் 1,35,571 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றபோது, பலமுறை வென்ற காட்பாடியில் துரைமுருகன் 746 வாக்குகளில் தப்பினார். ஆத்தூரில் எதிரணி அத்தொகுதியைப் பாமகவுக்கு ஒதுக்கியிருந்ததையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

வேட்பாளரின் சொந்தச் செல்வாக்கை அறிய, தேர்தலின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் உள்ள வாக்குச்சாவடிவாரி எண்ணிக்கையில் அவரது ஊர்ப் பகுதியை எடுத்து, அதே சாவடிகளில் கட்சி மக்களவைத் தேர்தலில் பெற்றதோடு ஒப்பிடலாம். 2008 தொகுதி எல்லை மறுசீரமைப்புக்கு முந்தைய முடிவுகளை மட்டும் இதில் கலக்க வேண்டாம். பெயர் அதுவாக இருந்தாலும் எல்லைகள் பல இடங்களில் வேறு.