ஈஸ்டர் ஸ்டிக்கர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புனித வெள்ளியன்று காலையிலேயே ‘இனிய புனித வெள்ளி நல்வாழ்த்துகள்’ என்று ரோஜாப்பூவும் மின்னும் நட்சத்திரங்களுமாக ஒரு ஸ்டிக்கர் வந்து விழும். அனுப்பியவர் அன்பாகத்தான் அனுப்பியிருப்பார். ஆனால் அது இயேசு சிலுவையில் இறந்ததை நினைத்து உபவாசமும் ஜெபமுமாகக் கழிக்கும் நாள். துக்க வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்வதைப் போன்றதுதான் இதுவும். ஏதாவது அனுப்பியே ஆக வேண்டுமென்றால் எளிய சிலுவைப் படம் ஒன்று போதும்; எதுவும் அனுப்பாவிட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

மறுநாள் சனிக்கிழமை வேறு வகை அவசரம். நண்பகலுக்குள்ளேயே ‘அல்லேலூயா’ ஸ்டிக்கர்கள் கிளம்பிவிடும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் பாடப்படாத அந்தச் சொல், ஈஸ்டரை வரவேற்கும் சனி இரவுத் திருவிழிப்பு வழிபாட்டில்தான் மீண்டும் ஒலிக்கிறது. அதுவரை பொறுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

தேதி அச்சிட்ட ஸ்டிக்கரைச் சேமித்து வைத்து அடுத்த ஆண்டும் அனுப்புகிறவர்கள் உண்டு. ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறன்றும் வரலாம். பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி கணக்கிடும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு நாள் பெரும்பாலும் இன்னும் தள்ளிப்போகும்: 2024இல் மற்றவர்களுக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. 2025இல் இரு சாராருக்கும் ஏப்ரல் 20. நண்பர் எந்தச் சபை என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். ஸ்டிக்கர்களில் ஈஸ்டர் அடையாளமாக வரும் முயலும் வண்ண முட்டையும் வேதாகமம் சொல்லும் உயிர்த்தெழுதல் நிகழ்வில் இல்லாதவை. அவற்றை விரும்பாத சபையினரும் இருக்கிறார்கள்.

சொந்தமாக ஸ்டிக்கர் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் எழுத்தில்தான். வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512 பிக்சல் சதுரம். அசையாத படமென்றால் 100 கேபிக்குள் இருக்க வேண்டும். உரையாடலில் அது சிறிய சதுரமாகத்தான் தெரியும் என்பதை மறந்து முழு வசனத்தையும் அதில் திணித்தால் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்துங்கள். பின்னணி இல்லாத ஸ்டிக்கரில் வெள்ளை எழுத்து கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரியும். வெளிர் திரைக்கு மாறியதும் காணாமல் போய்விடும். கறுப்பு எழுத்துக்கு இதே கதி தலைகீழாக நேரும். கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு, வெள்ளை எழுத்தைச் சுற்றி அடர்நிற விளிம்பு கொடுத்தால் இரண்டு திரையிலும் தப்பிக்கலாம்.

சில வடிவமைப்பு மென்பொருள்களுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. ‘உயிர்த்தெழுந்தார்’ என்று அடித்தால் ‘தெ’யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். படமாகச் சேமித்த பிறகு கைபேசியில் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

‘உங்கள் பெயரோடு ஈஸ்டர் ஸ்டிக்கர், இங்கே தொடவும்’ என்று வரும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் ஸ்டிக்கர் செயலி எதுவானாலும் நீக்கிவிடுங்கள். அந்த வேலைக்கு அந்த அனுமதி தேவையே இல்லை.

பார்வையற்றவர்களின் கைபேசியில் உள்ள திரைவாசிப்பான், ஸ்டிக்கருக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் வாசிக்காது. அவர்களுக்கு வாழ்த்தை ஒரு வரியாகத் தட்டச்சு செய்தோ குரல் பதிவாகவோ அனுப்புங்கள்.