பிளான் காகிதத்தில் இருக்கும்போதே வீட்டின் சூட்டைக் கணக்கிடுவது எப்படி?

ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்டார் கொடுக்கிற பி.இ.இ. அமைப்பு, வீடுகளுக்கென்றே ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை 2018 டிசம்பரில் கொண்டுவந்தது. சுவர், கூரை, ஜன்னல் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம், எவ்வளவு காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் எண்கள் உண்டு.

படி 1: உங்களுக்குப் பொருந்துமா?

2018 தொகுப்பின்படி, மனை 500 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நம் கணக்கில் 12 சென்ட்டுக்குச் சற்று மேல். அதுவும் மாநில அரசு தன் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் பிளான் அனுமதிக்குக் கட்டாயம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதி, 2,500 சதுர அடி வரையுள்ள மனைகளுக்கானது. ஆக, அப்படிக் கட்டும் சிறு வீடுகளை இந்த விதிப்படி யாரும் சோதிக்கப் போவதில்லை. கரன்ட் பில் கட்டப்போவது நீங்கள், அதனால் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஜன்னல் கணக்கு

இதைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், திறக்கக்கூடிய பரப்பு கார்ப்பெட் ஏரியாவில் (சுவர்களுக்கு உள்ளே புழங்கும் தரைப்பரப்பு) 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பெங்களூருக்கு 12.5 போதும்.

கவனிக்க வேண்டியது 'திறக்கக்கூடிய' என்பதை. கதவு மாதிரி திறக்கும் ஜன்னலில் 90 சதவீதத்தைக் கணக்கில் எடுக்கலாம். இரண்டு கண்ணாடி ஸ்லைடிங் என்றால் பாதிதான்.

மாடியில் 1,000 சதுர அடி கார்ப்பெட் ஏரியா உள்ள வீடு என்று வையுங்கள். தேவை சுமார் 167 சதுர அடி. 4க்கு 4 அடியில் எட்டு ஜன்னல், 3க்கு 7 அடியில் இரண்டு பால்கனிக் கதவு, 2க்கு 2 அடியில் நான்கு வென்டிலேட்டர். எல்லாம் கதவு மாதிரி திறந்தால் 115.2 + 37.8 + 14.4 = 167.4. மயிரிழையில் தேறிவிட்டது. அந்த எட்டு ஜன்னலை மட்டும் ஸ்லைடிங் ஆக்கினால் மொத்தம் 116.2. இடம் மிச்சம், பார்க்க அழகு என்று சொல்லி விற்பதெல்லாம் சரிதான், காற்றைப் பாதியாக்கிவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை.

தரைத்தளத்தின் வாசல் கதவும் கொல்லைக் கதவும் இந்தக் கணக்கில் வராது.

படி 3: கண்ணாடி

சுவர்ப் பரப்பில் கண்ணாடி 30 சதவீதத்துக்குள் இருந்தால், அது குறைந்தது 27 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். இந்த வெளிச்ச அளவுக்குப் பெயர் வி.எல்.டி.; கடையில் 'வி.எல்.டி. எவ்வளவு?' என்று கேளுங்கள். மிகக் கருப்பான கண்ணாடி இதில் தோற்கும்.

படி 4: கூரை

கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது. யு மதிப்பு என்பது ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற அளவு. 6 அங்குல கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால் அது 3-க்கு மேல் போகும். மேலே வெப்பத்தைத் தடுக்கும் 40 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகை பதித்தால் 0.7 அளவுக்கு இறங்கும். ஒரே ஒரு வேலைக்குத்தான் பட்ஜெட் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள், மேல்தளத்தில் படுப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

வெள்ளை பெயின்ட், கூல் டைல்ஸ் எல்லாம் வெயிலைத் திருப்பி அனுப்பும், நல்லதுதான். ஆனால் யு மதிப்புக் கணக்கில் நிறத்துக்கு இடமில்லை.

படி 5: சுவர்

கூரை தவிர மற்ற வெளிப்பக்கங்கள் வழியாக வரும் வெப்பத்தை, சுவர், ஜன்னல், திசை, சன்ஷேடு எல்லாம் சேர்த்துச் சொல்லும் ஆர்.இ.டி.வி. என்ற எண், குளிர்ப் பிரதேசம் தவிர மற்ற இடங்களில் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும். கையால் போட்டால் தலை சுற்றும், பி.இ.இ. இலவசக் கருவி வைத்திருக்கிறது, எஞ்சினியரிடம் போட்டுத்தரச் சொல்லுங்கள். எண் மீறினால் முதலில் மேற்குப் பக்க ஜன்னல்களைச் சுருக்குங்கள் அல்லது சன்ஷேடை நீட்டுங்கள். அப்புறம் சுவர்: 9 அங்குலச் செங்கலுக்குப் பதில் 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைத்தால், சுவர் கடத்தும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும்.

படி 6: ஒப்பந்தம்

ஜன்னல் எப்படித் திறக்கும், ஃபோம் எத்தனை மி.மீ., எந்தச் சுவருக்கு எந்த பிளாக் என்பதையெல்லாம் கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். 'ஹீட் ப்ரூஃப் செய்து தரப்படும்' என்ற ஒற்றை வரிக்கு வெள்ளை பெயின்டும் அடித்துவிட்டுப் போகலாம்.