உட்கருவைக் காணோம்! தோல் செல்லை வீட்டில் பார்ப்பது எப்படி

எட்டாவது படிக்கும் மகள், "தோல்லயும் செல்தானே இருக்கு, காட்டுப்பா" என்றாள். காட்டப் போய் எனக்கு இரண்டு மாலை வீணானது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

வேண்டியவை: 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி, ஸ்லைடு, அதன்மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப், காது பட்ஸ், செல்லோடேப், மெத்திலீன் ப்ளூ. இந்தச் சாயம் வண்ணமீன் கடையில் கிடைக்கும். வெளிர் நீலம் ஆகும்வரை தண்ணீர் விடுங்கள். கணினியில் செருகும் "1000எக்ஸ்" டிஜிட்டல் நுண்ணோக்கியை நம்பி வாங்காதீர்கள். மயிரும் சுருக்கமும் அழகாகத் தெரியும், செல் தெரியாது. அதற்கு ஃபோல்ட்ஸ்கோப் என்கிற காகித நுண்ணோக்கியே மேல். 140 மடங்குதான், ஆனாலும் கன்னச் செல் தெரிந்துவிடும்.

முதலில் கன்னம். வாயைக் கொப்பளித்துவிட்டு, உள்கன்னத்தைப் பட்ஸால் லேசாகத் தேய்த்து ஸ்லைடில் தடவுங்கள். ஒரு சொட்டுச் சாயம், ஒரு நிமிடம் பொறுமை. கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழி வராது. 4எக்ஸ் லென்ஸில் தேடிப் பிடித்து, 10எக்ஸ், 40எக்ஸ் என்று போங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் ஓரங்கள் தெரியும். வெளிறிய தோசை போல ஒவ்வொரு செல்லும், நடுவில் அடர்நீலப் புள்ளியாக உட்கருவும் (நியூக்ளியஸ்) இருக்கும்.

அடுத்து தோல். முன்கையின் உள்பக்கத்தில் டேப்பை அழுத்தி உரியுங்கள். முதல் துண்டில் அழுக்கும் எண்ணெயும்தான் வரும், வீசிவிடுங்கள். அதே இடத்தில் ஒட்டியெடுத்த இரண்டாவது துண்டை, ஸ்லைடில் வைத்த சாயச் சொட்டின் மேல் பசைப்பக்கம் கீழாக ஒட்டுங்கள். கவர்ஸ்லிப் வேண்டாம். டேப் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். பால்நிற டேப் உதவாது.

இங்கேதான் நான் மாட்டினேன். பலகோணச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன, உட்கருவைக் காணோம். சாயம் பழசு என்று நினைத்துப் புதுப் புட்டி வாங்கினேன். அப்போதும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: அது இருக்கவே இருக்காது! மேல்தோலின் அடியடுக்கில்தான் செல்கள் பிரிகின்றன. மேலே தள்ளப்பட்டு வரும் வழியில் கெரட்டின் என்கிற கெட்டியான புரதம் நிரம்பி, உட்கருவை இழந்து, தட்டையாகிச் செத்து, ஏறக்குறைய நான்கு வாரத்தில் உதிர்கின்றன. டேப்பில் வருவது அந்தச் செத்த செதில்தான். ஈரமாகவே இருக்கும் உள்கன்னத்தில் செல்கள் இப்படிக் காய்ந்து கெட்டிப்படுவதில்லை, அதனால் உட்கரு தங்குகிறது.

பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இரண்டு ஸ்லைடையும் அடுத்தடுத்து காட்டி, "இதுல என்ன குறையுது?" என்று மட்டும் கேளுங்கள். என் மகள் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொரு பட்ஸ் கட்டாயம், முடிந்ததும் ஸ்லைடைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப் போடுங்கள்.

பின்சேர்க்கை: சாயத்துக்குப் பதில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை விட்ட ஒரு வாசகர், "கன்னத்தில் கருநீல உருண்டைகள் தெரிகிறதே, உட்கருவா?" என்று கேட்டிருந்தார். இல்லை சார், மாவுச்சத்துப் பட்டால் அயோடின் அப்படித்தான் கறுக்கும். நீங்கள் பார்த்தது காலையில் சாப்பிட்ட இட்லியாக இருக்கும். நன்றாகக் கொப்பளித்துவிட்டு மறுபடி எடுங்கள்.